கட்டாரில் உழைத்த காசில் ஒரு கணினி: கேசிங்கைத் திறந்து பாருங்கள்

"சேர், மகளுக்கு ஒரு கம்பியூட்டர் செட் பண்ணிக் குடுக்கணும். எவ்வளவு அனுப்பணும் என்று சொல்லுங்க."

இப்படியான குரல் பதிவுகள் கட்டாரில் இருந்தும் சவூதியில் இருந்தும் டுபாயில் இருந்தும் எனக்கு அடிக்கடி வரும். அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் மடுல்சீமை, பசறை, லுணுகலைப் பக்கத்துப் பெற்றோர். நான் கணினி வியாபாரி அல்ல. பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியன். ஆனால் ஊரில் கணினி தெரிந்த ஆள் என்று ஒருவருக்குப் பெயர் வந்துவிட்டால் இந்தப் பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது.

சில வருடங்களுக்கு முன் டோஹாவில் சாரதியாக இருக்கும் ஒரு வாப்பா, உயர்தரத்தில் படிக்கும் தன் மகளுக்காக என்னிடம் காசு அனுப்பினார். நான் கடையொன்றுக்குத் தொலைபேசி எடுத்தேன், விலை பேசினேன், பணத்தைப் போட்டேன். கணினி பஸ்ஸில் வந்து சேர்ந்தது. பக்கத்தில் கண்ணாடி, உள்ளே நிறநிறமாக எரியும் விளக்குகள். பிள்ளைக்குச் சந்தோஷம், எனக்கும் திருப்தி. பில்லில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "ஐ5 கம்பியூட்டர், ஃபுல் செட்". அதை நான் வாசித்தேன். அதில் என்ன இல்லை என்பதைப் பார்க்கவில்லை.

ஒக்டோபர் மாதம் ஒரு பின்னேரம், இடி மழையோடு மின்சாரம் போனது. திரும்பி வந்த நொடியில் கணினிக்குள் இருந்து கருகிய வாசம். பிறகுதான் நான் கேசிங்கைத் திறந்தேன். உள்ளே இருந்த பவர் சப்ளை பெயர் தெரியாத ஒன்று. கையில் தூக்கினால் வெறும் தகரப் பெட்டி போல இருந்தது. அது போனதோடு மதர்போர்டையும் கொண்டு போயிருந்தது. கடையில் கேட்டபோது மின்சாரக் கோளாறுக்கு வாரண்டி இல்லை என்றார்கள்.

அந்த வாப்பாவுக்குச் செய்தி சொன்னேன். "பரவாயில்ல சேர், அல்லாஹ் எழுதினது" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். இடியும் மழையும் அல்லாஹ் எழுதியதுதான். ஆனால் காசை வாங்கிக்கொண்டு கேசிங்கைத் திறந்து பார்க்காமல் விட்டது என் கவனக்குறைவு. அதன் பிறகு கற்றுக்கொண்டவற்றை, வெளிநாட்டில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்குக் கணினி செய்விக்க நினைக்கும் சகோதரர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காசின் பெறுமதி

கட்டாரில் 2021 மார்ச்சில் இருந்து ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 1000 ரியால். ஒரு டொலருக்கு 3.64 ரியால் என்பது அங்கே நிலையான வீதம். டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் அந்த 1000 ரியால் ஏறக்குறைய 82,000 ரூபா. இரண்டு இலட்சம் ரூபாவுக்கு ஒரு கணினி என்றால், அந்தச் சம்பளத்தில் இருக்கும் ஒருவர் வேறு எதற்கும் ஒரு சதம் செலவழிக்காமல் இரண்டரை மாதம் உழைத்த காசு. 2022இன் முதல் சில மாதங்களில் டொலர் 200 ரூபா அளவில் இருந்து 360 வரை ஏறியதையும், 2024 ஜனவரியில் வற் வரி 15இல் இருந்து 18 வீதமானதையும் நாம் எல்லோரும் அனுபவித்தோம். இந்த விலையில் ஒரு கணினி வாங்குவது எங்கள் குடும்பங்களுக்கு மாடு வாங்குவது போன்றது. பல்லைப் பார்க்காமல் யாரும் மாடு வாங்குவதில்லை.

கணினி ஆடம்பரப் பொருளும் அல்ல. 2021இல் எங்கள் பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டு வழியே நடந்து பாறை மீது ஏறிப் படித்ததை உலகமே செய்தியாகப் பார்த்தது. சாதாரண தரத்தில் பஸ்கால், உயர்தரத்தில் பைதன், தரவுத்தளம், இணையப்பக்க வடிவமைப்பு என்று பாடத்திட்டம் போகிறது. இவற்றை ஃபோனில் வாசிக்கலாம். எழுதிப் பழக முடியாது.

ஏன் பாகங்களாக வாங்கிப் பூட்டுவது?

ஐபிஎம் நிறுவனம் 1981 ஓகஸ்டில் வெளியிட்ட தனியாள் கணினியின் அமைப்பை மூடி மறைக்காமல், தொழில்நுட்ப விபரங்களோடு வெளியிட்டது. அதனால் மற்ற நிறுவனங்களும் அதற்குப் பொருந்தும் பாகங்களைச் செய்யத் தொடங்கின. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவுமுறையால் ஒரு நிறுவனத்தின் மதர்போர்ட் இன்னொரு நிறுவனத்தின் கேசிங்கில் பொருந்தியது. இன்று பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும், டுபாய் காலித் பின் வலீத் வீதியிலும், சென்னை ரிச்சி தெருவிலும் ஒருவர் தனக்கு வேண்டியபடி கணினி பூட்டிக்கொள்ள முடிவது இதனால்தான்.

இதன் நன்மை பெரியது. ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். மூத்த மகனுக்கு 8 ஜிபி ரெம் போதுமாக இருந்து, இளையவளுக்கு 16 தேவைப்பட்டால் இன்னொரு துண்டு போடலாம். மடிக்கணினியில் இந்த வசதி குறைவு. ஆபத்தும் இதற்குள்தான் இருக்கிறது: வெளியில் தெரியும் பாகம் நல்லதாகவும், உள்ளே மறைந்திருக்கும் பாகம் மட்டமானதாகவும் இருக்கலாம்.

பெயரை முழுதாகக் கேளுங்கள்

"ஐ7 போட்டிருக்கு" என்று ஒருவர் சொன்னால் அவர் உங்களுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எத்தனையாம் தலைமுறை ஐ7 என்பதே கேள்வி. 2011இல் வந்த ஐ7 2600ஐ விட, 2022இல் வந்த ஐ3 12100 வேகத்தில் மிகவும் முந்தியது. இரண்டுக்கும் நான்கு கோர்கள்தான். பெயரில் 7 இருப்பதால் பழையது உயர்ந்ததாகிவிடாது.

பழைய தலைமுறைக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையில் இருந்துதான் அனுமதி. நிறுவனங்கள் கழித்த கணினிகளைத் துடைத்து மெருகூட்டி விற்பதில் தவறில்லை. பழையது என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வியாபாரம். வாங்குகிறவரும் அதன் ஆயுள் எவ்வளவு என்று தெரிந்து வாங்க வேண்டும்.

அடுத்து, பெயரின் கடைசி எழுத்து. டுபாயில் இருந்து ஒரு நானா தன் தம்பிக்காக ஐ5 12400எஃப் ஒன்றை மலிவாக வாங்கிக் கையோடு கொண்டுவந்தார். இங்கே பூட்டினோம், விசிறி சுற்றியது, திரையில் ஒன்றும் இல்லை. மொனிட்டரை மாற்றினோம், வயரை மாற்றினோம். கடைசியில்தான் அந்த "எஃப்" கண்ணில் பட்டது. எஃப் என்று முடியும் இன்டெல் புரொசசர்களுக்குள் படம் காட்டும் பகுதி இயங்காது. தனியாக கிராபிக்ஸ் கார்ட் வேண்டும். மிச்சம் பிடித்த காசைப் போலப் பல மடங்கு அதற்குப் போனது. ஏஎம்டியில் ரைசன் 5 5600க்கும் 5600ஜிக்கும் இடையில் உள்ள வேறுபாடும் இதுவே. "ஜி" உள்ளதில் படம் வரும்.

படிப்புக்கு மட்டும் என்றால் கிராபிக்ஸ் கார்ட் தேவையே இல்லை. பைதனுக்கும் தரவுத்தளத்துக்கும் புரொசசருக்குள் இருப்பதே தாராளம். பிள்ளை "கட்டாயம் வேணும்" என்று கேட்டால் அது பெரும்பாலும் விளையாட்டுக்காகத்தான் இருக்கும். அதை வாங்கிக் கொடுப்பதும் கொடுக்காததும் பெற்றோரின் முடிவு. ஆனால் எதற்கு என்று தெரிந்து முடிவெடுங்கள். பாவித்த கார்ட் வாங்கினால் கூடுதல் கவனம் தேவை. 2022 செப்டெம்பரில் இத்தீரியம் நாணயம் தன் முறையை மாற்றியபோது, அதுவரை இரவு பகலாக "மைனிங்" செய்து களைத்த கார்ட்கள் பெருமளவில் சந்தைக்கு வந்தன.

மற்றப் பாகங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதர்போர்ட் புரொசசருக்குப் பொருந்த வேண்டும். 12, 13, 14ஆம் தலைமுறை இன்டெல்லுக்கு எல்ஜிஏ1700 என்ற ஒரே பொருத்தி. ஏஎம்டியில் ஏஎம்4 வேறு, ஏஎம்5 வேறு. ரெம் டிடிஆர்4 இடத்தில் டிடிஆர்5 ஏறாது. அதன் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய நிலையங்கள் நினைவகங்களை வாங்கிக் குவிப்பதால் 2025இன் கடைசிப் பகுதியில் ரெம் விலை வேகமாக ஏறியது. பழைய விலைப்பட்டியலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விண்டோஸ் இருக்கும் இடம் எஸ்எஸ்டியாக இருக்கட்டும். பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவதைப் போல உடனே கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வேறு இல்லை.

கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருப்பது

பவர் சப்ளையில்தான் அதிகம் ஏமாற்றப்படுகிறோம். ஏனெனில் அது கேசிங்கின் அடியில் மூடிக்குப் பின்னால் இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. "500 வொற்ஸ்" என்று ஸ்டிக்கர் ஒட்டுவது இலகு. பெயருள்ள நிறுவனத்தினதா, மாதிரி இலக்கம் என்ன, எத்தனை வருட வாரண்டி என்று கேளுங்கள். "80 பிளஸ்" என்ற முத்திரை, சுவரில் இருந்து எடுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 வீதத்தையாவது வீணாக்காமல் கொடுக்கிறது என்பதற்கான சான்று. அது பாதுகாப்புக்கான முழு உத்தரவாதம் அல்ல; ஆனால் அதுவும் இல்லாத, பெயரும் இல்லாத பெட்டியை வாங்கவே வேண்டாம். கிராபிக்ஸ் கார்ட் இல்லாத படிப்புக் கணினி பெரும்பாலும் 100 வொற்றுக்கும் குறைவாகவே எடுக்கும். ஆகவே பெரிய இலக்கம் தேவையில்லை, நல்ல பெட்டிதான் தேவை. நிற விளக்குகளுக்குப் போகும் காசை இதற்குப் போடுங்கள்.

சவூதியில் இருந்து பழைய கணினி அனுப்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே நீண்ட காலம் வீடுகளில் 127 வோல்ட் மின்சாரம் இருந்தது. எங்கள் நாட்டில் 230 வோல்ட். பழைய பவர் சப்ளைகளின் பின்னால் சிவப்பு நிறத்தில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அது 115இல் இருக்கும்போது இங்கே சொருகினால் அந்த நொடியே எரிந்துவிடும். 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் பயமில்லை.

மூன்று வழிகள்

முதலாவது, அங்கேயே பூட்டி கார்கோவில் அனுப்புவது. பொருளைக் கண்ணால் பார்த்து வாங்கலாம். ஆனால் பழுதானால் வாரண்டிக்கு வாங்கிய கடைக்கே போக வேண்டும். அங்கு வாங்கியதை இங்குள்ள முகவர்கள் பொதுவாக ஏற்பதில்லை. கண்ணாடிக் கேசிங்கும் மொனிட்டரும் வழியில் உடையக்கூடியவை.

இரண்டாவது, சிறிய பாகங்களை அங்கே வாங்கி விடுமுறையில் கையோடு கொண்டுவந்து, மற்றவற்றை இங்கே வாங்குவது. புரொசசர், ரெம், எஸ்எஸ்டி மூன்றும் ஒரு சோப்புப் பெட்டிக்குள் அடங்கும். பழுதாவதும் குறைவு. புரொசசரைப் பெட்டியோடு வாங்குங்கள். பெட்டியில் வரும் இன்டெல் புரொசசருக்கு நிறுவனமே 3 வருட வாரண்டி தருகிறது, பெட்டி இல்லாமல் வருவதற்கு விற்றவரைத்தான் தேட வேண்டும். பயணிகளுக்கான தீர்வைச் சலுகை வெளிநாட்டில் தங்கிய காலத்தைப் பொறுத்து மாறுவதால் சுங்கத் திணைக்களத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். விலை வித்தியாசம் சிறிதென்றால் இந்தச் சிரமம் வேண்டாம்.

மூன்றாவது, பணத்தை அனுப்பி இங்கேயே பூட்டுவிப்பது. பெரும்பாலானோருக்கு இதுவே நல்லது என்பது என் எண்ணம். பவர் சப்ளை, மதர்போர்ட், மொனிட்டர், யூபிஎஸ் ஆகியவை பழுதானால் திருப்பிக் கொண்டுபோக ஓர் இடம் இருக்கும். ஆனால் இதற்கு ஒழுங்கு முறை வேண்டும். நான் இப்போது செய்வது இதுதான்:

1. ஒவ்வொரு பாகத்தின் நிறுவனம், மாதிரி இலக்கம், விலை, வாரண்டிக் காலம் எழுதிய விலைப்பட்டியலை இரண்டு மூன்று கடைகளில் எடுத்து, காசு அனுப்புகிறவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவேன். அவர் சரி என்ற பிறகே முற்பணம்.

2. பூட்டுவதற்கு முன் எல்லாப் பெட்டிகளையும் வரிசையாக வைத்து, தொடர் இலக்கம் தெரியப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். பவர் சப்ளைப் பெட்டி கட்டாயம் அதில் இருக்க வேண்டும்.

3. பூட்டிய பின் கேசிங் திறந்த நிலையில் ஒரு வீடியோ. பிறகு கணினி இயங்கும்போது புரொசசர், ரெம், எஸ்எஸ்டி பெயர்கள் திரையில் தெரிய இன்னொன்று. இரண்டு மணித்தியாலமாவது ஓட விடச் சொல்வேன்.

4. இவை சரியென்றால் மீதிப் பணம். பில்லில் "ஃபுல் செட்" என்று எழுத விடுவதில்லை. எல்லா இலக்கங்களும் வர வேண்டும். வெற்றுப் பெட்டிகளையும் கேட்டு வாங்குங்கள், வாரண்டிக்கு உதவும்.

நேர்மையான கடைக்காரர் இதற்கு முகம் சுளிப்பதில்லை. அப்படியான நல்லவர்கள் கொழும்பிலும் பதுளையிலும் இருக்கிறார்கள். ஒரு வீடியோவுக்கு ஆயிரம் சாட்டுச் சொன்னால் வேறு கடை பாருங்கள்.

மலைக்கு வந்த பிறகு

பசறையில் இருந்து மடுல்சீமைக்கு ஏறும் வளைவுகளில் பஸ்ஸில் வரும் பெட்டியின் நிலையை நினைத்துப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் கழற்றித் தனியாகக் கொண்டுவாருங்கள். கேசிங்கை மதர்போர்ட் கீழ்ப்பக்கம் இருக்கும்படி படுக்க வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை திறந்து, தளர்ந்த வயர்களை அழுத்திவிட்டு மின்சாரம் கொடுங்கள். பனிக் குளிரில் வந்த பெட்டியை ஒரு மணித்தியாலம் அறையில் வைத்த பின் போடுவது நல்லது. உள்ளே ஈரம் படிந்திருக்கலாம்.

அடுத்தது எர்த். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளிலும் லயன் அறைகளிலும் இது இல்லை, அல்லது இருந்தும் அறுந்திருக்கும். கேசிங்கைத் தொடும்போது விரலில் சுரீரென்று ஒரு கூச்சம் வந்தால் எர்த் சரியில்லை என்பதற்கான அறிகுறி அது. 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கை உருண்டை ஓட்டைப் பிளக் பொயின்டில் பேனையால் நெம்பிச் சொருகும் பழக்கத்தை விடுங்கள். ஒரு மின்னிணைப்பாளரை அழைத்து எர்த்தைச் சரிசெய்யும் செலவையும் கணினியின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட விடயம் இது.

650 விஏ யூபிஎஸ் ஒன்று பொதுவாக 400 வொற்றுக்கும் குறைவாகவே கொடுக்கும். அது சில நிமிடங்களில் வேலையைச் சேமித்து அணைப்பதற்கு; மணிக்கணக்கில் பாவிக்க அல்ல. மின்னலை அது தடுக்கும் என்றும் நம்ப வேண்டாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள். ரவுட்டர் வயரையும் கழற்றுங்கள். அந்த வழியாலும் மின்னல் வரும்.

விண்டோஸ் விடயத்திலும் ஒரு வார்த்தை. கள்ளப் பிரதியைப் போட்டுத் தருவதைக் கடைகள் சேவையாகச் சொல்கின்றன. அதோடு வைரஸும் வரலாம். அது இன்னொருவரின் உரிமை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. லினக்ஸும் லிப்ரே ஒபிஸும் இலவசம். பைதன் பழக அவை போதும்.

அமானிதம்

நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்ததும், மழை நனைத்ததை மக்கள் பார்க்கும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியிடம் கேட்டதும், ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவரல்ல என்று கண்டித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நாங்கள் சிறு வயதில் இருந்து கேட்ட ஹதீஸ். அதை வியாபாரிக்கான பாடமாக மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். கருகிய கணினியைத் திறந்த அன்றுதான், கையை உள்ளே விட்டுப் பார்ப்பது வாங்குகிறவர் சார்பில் நிற்பவனின் கடமையும் என்று எனக்குப் பட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறகு ஒரு முறை வேறொரு கடைக்காரர், "சேருக்கும் ஒரு தொகை தாறன், பில்லில் தெரியாது" என்றார். ஆசிரியர் சம்பளத்தில் வாழ்கிறவனுக்கு அது சின்னத் தொகை அல்ல. ஒரு மௌலவியிடம் கேட்டேன். காசு அனுப்பியவருக்குத் தெரியாமல் எடுத்தால் அது அவருடைய காசைத்தான் எடுப்பது என்றார். அந்தத் தொகையைப் பில்லில் கழிக்கச் சொன்னேன். ஊரில் பிறருக்காகப் பொருள் வாங்கிக் கொடுக்கும் என் போன்றவர்கள் கூலி வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்கலாம், அதில் வெட்கமில்லை. மறைத்து எடுப்பதில்தான் பிரச்சினை.

அந்த வாப்பா சென்ற முறை விடுமுறையில் வந்தபோது வீட்டுக்குப் போனேன். மதர்போர்டுக்கும் பவர் சப்ளைக்கும் ஆன செலவில் என் பங்கைத் தவணையாகக் கொடுத்திருந்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லியும் கொடுத்தேன். மகள் ஸ்குரூட்ரைவரை எடுத்து, பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றி, "இது ரெம், இது எஸ்எஸ்டி, இதுதான் வாப்பா அந்தப் பவர் சப்ளை" என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். தன் உழைப்பில் வாங்கிய பொருளின் உள்பக்கத்தை அவர் அன்றுதான் பார்த்தார்.

உங்கள் பிள்ளைகளுக்கும் திறந்து பார்க்கக் கற்றுக் கொடுங்கள். கடல் கடந்து உழைப்பவர்களின் வியர்வைக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக.